காத்திருப்புப் பட்டியலில் ஏழாவது பெயர்

1

போன செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரில், மார்சிலிங் பக்கம், நல்ல மழை. கான்கிரீட் போட இருந்த தளத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, தகரக் கொட்டகைக்குள் வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, இரண்டு நாளாகக் கைப்பையில் கிடந்த கடிதத்தைப் பிரித்தேன். சென்னையிலிருந்து வெங்கடேசன் சார் எழுதியிருந்தார்.

இங்கே ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் அவர் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, அவருக்குக் கீழே எட்டு வருடம் வரைபடம் வரைந்தவள் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அந்த எட்டு வருடமும் "வாம்மா, போம்மா, இதை வரைஞ்சு குடும்மா" என்றவர், இந்தக் கடிதத்தில் என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததுமே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். அவர் படித்த பெரிய பொறியியல் கல்லூரியில் இடங்களைப் பெருக்கலாமா, அதைப் போலவே இன்னும் சில கல்லூரிகள் திறக்கலாமா என்று ஊரில் பேச்சு அடிபடுகிறதாம். பழைய மாணவர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். "எழுதுவதற்கு முன் உங்கள் அபிப்பிராயம் எனக்கு வேண்டும். என் பழைய அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும்" என்று முடித்திருந்தார்.

தெரியாமல் என்ன? நன்றாகவே தெரியும்.

வீட்டுக்கு வந்து என் கணவர் அந்தோணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். எதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

"நாலு பக்கம் எழுதுவியா?"

"எழுதணும்."

"அவருக்கு மட்டும் எழுதி என்ன மேரி? ஊருக்கே எழுது. அங்கதான கேக்கிறாங்க."

நான் பட்டம் வாங்கி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. எழுதுவதற்கு நல்ல நேரம்தான்.

2

நான் திருச்சி பொன்மலைக்காரி. அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. பள்ளிக்கூடம், கோயில், பட்டறைச் சங்கு, இவ்வளவுதான் எங்கள் உலகம். பி.யூ.சி.யில் கணக்கிலும் பௌதிகத்திலும் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து, கல்லூரி சிஸ்டரே அப்பாவை அழைத்து, "இவளை இஞ்சினீயரிங்குக்கு அனுப்புங்க" என்றார். பெண்பிள்ளையை அந்தப் படிப்புக்கு அனுப்புவார்களா என்று தெருவே கேட்டது. அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார்.

சென்னையில் நேர்முகம். ஒரு மாதம் கழித்து தபால் வந்தது. காத்திருப்புப் பட்டியலில் நான் ஏழாவது. எனக்கு முன்னால் தேர்வானவர்களில் ஏழு பேர் வேறு படிப்புக்கு ஒதுங்கினால் எனக்கு இடம்.

ஆறு பேர் ஒதுங்கினார்கள்.

அந்த ஏழாவது ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமும் கிடையாது. ஆனால் கல்லூரி திறந்து மூன்று வாரம்வரை அப்பா தினமும் பட்டறையிலிருந்து நேரே தபாலாபீசுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கு இல்ல" என்பார். நாளைக்கு வரும் என்பதுபோல இருக்கும் அந்தக் குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்தேன். ஒரு காண்ட்ராக்டரிடம் வரைபட வேலை. கல்யாணம். அந்தோணி ஏற்கெனவே சிங்கப்பூரில் இருந்ததால் எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் வந்து சேர்ந்தேன். குவீன்ஸ்டவுனில் ஏழாவது மாடியில் வீடு. மகள் தெரேசா பிறந்து ஒரு வயதானதும் வெங்கடேசன் சாரின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் வேலை சுலபமானது, அதாவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு. பொறியாளர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை நான் மசியில் சுத்தமாக வரைய வேண்டும். யோசிப்பது என் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

3

ஆங் மோ கியோவில் அப்போது மண்ணைத் தோண்டாத இடமே கிடையாது. எங்கள் ஆபீசுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூட வேலை வந்தது. வாசலில் தூண் இல்லாமல் முன்னால் நீண்டு நிற்கும் ஒரு கான்கிரீட் கூரை. பிள்ளைகள் மழையில் நனையாமல் பேருந்திலிருந்து இறங்குவதற்கு. புதிதாகச் சேர்ந்த ஒரு இளம் பொறியாளர் போட்ட படம் என் மேசைக்கு வந்தது.

பாதி வரைந்தபோது என் கை நின்றுவிட்டது.

கையை முன்னால் நீட்டி, விரல் நுனியில் ஒரு வாளியை மாட்டிப் பாருங்கள். தோளுக்கு மேற்பக்கம்தான் இழுக்கும். அப்படி நீண்டு நிற்கும் கூரைக்கும் கம்பியை மேற்பக்கத்தில்தான் போட வேண்டும். இந்தப் படத்தில் முழுக் கம்பியும் கீழே இருந்தது. அப்படியே கட்டினால், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கிற அன்றைக்கே கூரை மடிந்து கீழே வரும். அடியில் யார் நிற்பார்கள் என்பது அவரவர் தலையெழுத்து.

அந்த இளைஞரிடம் போய்ச் சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "யூ ஜஸ்ட் ட்ரேஸ் லா" என்றார், இந்த ஊர் இங்கிலீஷில்.

என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். மசிப் பேனாவைக் கையில் எடுத்தேன். வரைய முடியவில்லை. அவருக்கு மேலே போய்ச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால்? எழுந்து, படத்தைச் சுருட்டிக்கொண்டு வெங்கடேசன் சார் அறைக் கதவைத் தட்டினேன்.

அவர் படத்தை விரித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். சிவப்புப் பென்சிலை எடுத்துக் கம்பி முழுவதையும் அடித்து மேலே தள்ளிப் போட்டார். பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா படிச்சே நீ?"

சொன்னேன். பாலிடெக்னிக்கைச் சொன்னேன். அதற்கு முன்னால் ஏழாவது இடத்தில் நின்றதையும் சொன்னேன். எந்தக் கல்லூரி என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"நான் படிச்ச காலேஜ்ம்மா அது."

4

அதற்குப் பிறகு ஓரிரண்டு வருடத்தில், நாட்டுக்குப் பொறியாளர்கள் போதவில்லை, ஜூரோங்குக்கு அப்பால் புதிதாக ஒரு பொறியியல் கல்லூரி வரப் போகிறது, இருக்கிற இடங்கள் பல மடங்காகும் என்று பேப்பரில் செய்தி வந்தது. ஆபீசில் தேநீர் வேளையில் இதே பேச்சு.

வெங்கடேசன் சாருக்குப் பிடிக்கவில்லை. "நான் படிச்சப்ப எங்க கிளாஸ்ல முப்பது பேர். முப்பதும் முத்து. அதை முன்னூறாக்குங்க, முத்தும் கூழாங்கல்லும் கலந்துடும். அப்புறம் எவன் பாலம் கட்டினாலும் அதுமேல நடக்க எனக்குப் பயம்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. "சார், நான் முத்தா, கூழாங்கல்லா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ விதிவிலக்கும்மா" என்றார்.

"இன்னும் எத்தனை விதிவிலக்கு இருக்குன்னு யாராவது எண்ணிப் பார்த்திருக்காங்களா சார்?"

கோப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலை என் மேசைமேல் அந்தப் புதுக் கல்லூரியின் விண்ணப்பப் படிவம் இருந்தது. கூடவே, அவர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதம். அதில் பள்ளிக்கூடக் கூரையைப் பற்றி முழுப் பத்தி எழுதியிருந்தார். கொள்கையில் தோற்காமல் செயலில் தோற்கத் தெரிந்த மனிதர். அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அன்று வீட்டில் படிவத்தை அந்தோணியிடம் நீட்டினேன். வேலையை விட வேண்டும், நாலு வருடம் ஆகும் என்றேன். வழக்கம்போல இரண்டு தடவை படித்தார்.

"படி. சமையல் என் பாடு. ருசி மட்டும் கேக்காத."

படிவத்தைக் கொடுக்கப் போன இடத்தில் வேறொரு சிக்கல். பாலிடெக்னிக் சான்றிதழில் நான் எஸ். லூர்து மேரி. பாஸ்போர்ட்டில் லூர்துமேரி அந்தோணி, ஒரே சொல்லாக. சிங்கப்பூர் அடையாள அட்டையில், சவரிமுத்து மகள் லூடு மேரி. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தது அவ்வளவுதான். கவுண்டரில் இருந்த சீனக்காரர் மூன்றையும் வரிசையாகப் பரப்பி வைத்து, "மேடம், திஸ் ஒன் த்ரீ பெர்சன் லா. விச் ஒன் வான்ட் டு ஸ்டடி?" என்றார்.

அந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து கையெழுத்து வாங்க, சிராங்கூன் சாலையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். பூக்கடைகளுக்கு மேலே மாடியில் ஒரு ஆபீஸ். கீழே மல்லிகை வாசனை, மேலே டைப்ரைட்டர் சத்தம். பத்திரம் அடித்துத் தந்த பெரியவர், "எதுக்கும்மா இது, சொத்துத் தகராறா?" என்றார். காலேஜில் சேர என்றேன். "பிள்ளைக்கா?" எனக்கு என்றேன். டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் நேரடியாகவே கேட்டார்: "இந்த இடத்தைப் பத்தொன்பது வயதுக்காரருக்குக் கொடுத்தால் நாட்டுக்கு நாற்பது வருடம் உழைப்பாரே?"

"எனக்குக் கொடுத்தால் இருபத்தைந்து வருடம்தான். ஆனால் முதல் நாளே சைட்டில் நிற்கத் தெரிந்த ஆள் உங்களுக்குக் கிடைப்பாள்" என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். இலக்கணம் எப்படி இருந்ததோ, அவர்களுக்குப் புரிந்தது.

இடம் கிடைத்தது. தபாலைப் பிரித்ததும் முதலில் அப்பாவுக்குத்தான் எழுதினேன். "இன்னிக்கு வந்துவிட்டது" என்று ஒரே வரி.

5

கிடைத்ததோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் கணிதத் தேர்வில் நூற்றுக்கு இருபத்தெட்டு. பள்ளியில் கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தவள் நான். பதினாறு வருடத்தில் எல்லாம் துருப்பிடித்திருந்தது. விடைத்தாளை மடித்து பைபிளுக்கு அடியில் வைத்தேன். தேவையில்லாத இடத்தில் ஆசைப்பட்டுவிட்டேனோ, சார் சொன்ன கூழாங்கல் நான்தானோ என்று இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

தெரேசா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்போது ஒன்பது வயது.

"மா, யூ ஃபெயில்ட் ஆ?"

ஆமாம் என்றேன்.

"தென் யூ மஸ்ட் டூ கரெக்‌ஷன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. அவள் பள்ளியில் தப்பாகப் போட்ட ஒவ்வொரு கணக்கையும் மறுபடி சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கென்று தனி நோட்டே உண்டு. உபயோகிக்காத ஒரு நோட்டை எடுத்து வந்து, அட்டையில் என் பெயரை எழுதி, என் முன்னால் வைத்தாள்.

மறுநாள் அந்த நோட்டோடு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். எதிரில் என் வகுப்புப் பெண் ஒருத்தி, லிங். ஆங் மோ கியோவில் அவள் அப்பா மீன் உருண்டை நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். என் நோட்டைப் பார்த்து, "மேரி ஆன்ட்டி, திஸ் ஒன் ஐ கேன் டீச். யூ டீச் மீ ட்ராயிங், கேன்?" என்றாள். அன்று தொடங்கிய பண்டமாற்று கடைசிவரை நின்றது. சேர்க்கைப் பட்டியலில் தன் பெயர் ஏறக்குறைய அடியில் இருந்ததாகவும், இடங்களைக் கூட்டியிருக்காவிட்டால் தான் நூடுல்ஸ் கடையில்தான் நின்றிருப்பேன் என்றும் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்த தேர்வில் அறுபத்து நாலு. அதற்கடுத்து எண்பது.

வீட்டில் வேறு ஒரு பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் இங்கிலீஷ் புத்தகங்களில் மூழ்க மூழ்க, தெரேசாவின் தமிழ் மெலிந்தது. ‘என் தாயார்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "என் அம்மா பொரியியல் படிக்கிறார்" என்று எழுதிவிட்டு வந்தாள். தமிழாசிரியை அந்த ‘ரி’யைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டம் போட்டிருந்தார். அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தார். "பொரியும் கடலையும் வறுக்கப் படிக்கிறேன்னு நெனச்சிருப்பாங்க."

எனக்குச் சிரிப்போடு குத்தவும் குத்தியது. அன்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு நான் படிக்கும்போது அவளும் எழுந்து என் பக்கத்தில் பத்து வரி தமிழ் எழுத வேண்டும் என்று வைத்தேன். முனகிக்கொண்டே எழுதினாள். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரு அம்மாள், "இந்த வயசுல எதுக்கு மேரி உனக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தெரேசா முந்திக்கொண்டாள்: "ஆன்ட்டி, எங்கம்மா வரைபடத்துல க்ளாஸ்லயே ஃபர்ஸ்ட் தெரியுமா?" வரைபடம் என்று அழகாகத் தமிழில் சொன்னாள்.

6

வெங்கடேசன் சாருக்கு எழுதிய பதிலில் நல்லதை மட்டும் எழுதவில்லை. அவசர அவசரமாகத் திறந்த கல்லூரியில் எப்படி இருந்தது என்றும் எழுதினேன். பெயின்ட் வாசனை போகாத அறைகள். ஒரு சோதனை இயந்திரத்தைச் சுற்றி நாற்பது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்போம். சில ஆசிரியர்களுக்கே பாடம் புதிது. முதல் வருடத்தோடு சிலர் நின்றுபோனார்கள். பெயர்ப்பலகையும் கட்டடமும் இருந்தால் கல்லூரி ஆகிவிடாது, நல்ல ஆசிரியர்களை முதலில் தேடுங்கள், பிறகு செங்கல் அடுக்கலாம் என்றேன்.

ஆனால் தரம் எங்கே காப்பாற்றப்பட்டது என்பதையும் எழுதினேன். எங்களைத் தாராளமாக உள்ளே விட்டார்கள். வெளியே விடும்போது இரக்கமே காட்டவில்லை. கடைசி வருடம் என் கணக்கில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியதற்கு முழு வடிவமைப்பையும் திரும்பப் போடச் சொன்னார்கள். அப்படிப் புடம்போட்டு எடுத்த கூட்டத்தில் முதல் வகுப்பு வாங்கியவர்களில் ஒருத்தி லிங். பட்டியலின் அடியில் இருந்தவள்.

"உங்கள் முப்பது பேரும் முத்துதான் சார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரையில் நின்று முப்பதை எடுத்துவிட்டு, கடலில் இனிமேல் இல்லை என்று சொன்னதுதான் தப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயருக்குக் கீழே ‘பொறியாளர்’ என்றும் எழுதினேன். பெரிய ‘றி’ போட்டு.

அவர் கல்லூரிக்கு என்ன எழுதினார் என்று இன்னும் தெரியாது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வி என் மேசைக்கு வந்ததே எனக்குப் போதும்.

7

பட்டமளிப்பு நாளைச் சொல்லாமல் எப்படி முடிப்பது?

பெரிய மண்டபம். குளிர்சாதனக் குளிரில் எல்லாரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கரவொலி கடைசியில் மொத்தமாகத்தான், ஒவ்வொரு பெயருக்கும் சத்தம் போடக் கூடாது என்று முன்னாலேயே அறிவித்துவிட்டார்கள். இந்த ஊரில் ஒன்றை அறிவித்துவிட்டால் மீறுகிறவர்கள் குறைவு. பெயர் கூப்பிடுவார்கள், ஒரு பிள்ளை மேடையேறி வாங்கிக்கொண்டு இறங்கும். தாய் தகப்பன்கள் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேடையில் பேசிய இங்கிலீஷே புரிந்திருக்காது. கடைக்காரர்கள், டாக்சிக்காரர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், துணி தைத்தவர்கள். எல்லார் முகத்திலும் ஒரே பயம், தப்பான நேரத்தில் கைதட்டி, பிள்ளைக்கு அவமானம் தேடித் தந்துவிடுவோமோ என்று.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். புடவைக்கு மேல் கறுப்பு அங்கி. படியேறினேன். முப்பத்தேழு வயது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது.

இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்து, பொன்மலைத் திருவிழாவில் தேர் நகரும்போது அடிப்பார்களே, அந்த விசில். மண்டபமே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர். எதையும் இரண்டு தடவை யோசிக்காமல் வாய் திறக்காத அந்தோணி, வெள்ளைச் சட்டையில், எழுந்து நின்று, மறுபடி ஒரு விசில் அடித்தார். பக்கத்தில் தெரேசா, "அப்பா! உட்காருங்கப்பா, ஸோ பைசே லா!" என்று சட்டையைப் பிடித்து இழுப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. பைசே என்றால் இந்த ஊர்ச் சீனத்தில் வெட்கக்கேடு.

வாசலில் நின்ற அதிகாரி ஒருவர் அவரை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தார். அதற்குள் லிங்கின் அப்பா எழுந்துவிட்டார். அவர் மகளின் முறை இன்னும் வரவே இல்லை. ஆனாலும் எழுந்து, நூடுல்ஸ் வடித்து வடித்துக் காய்ப்புக் காய்த்த இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். அவருக்கு அடுத்து ஒரு மலாய்ப் பெண்மணி. அடுத்து ஒரு வரிசை. தெரேசா இழுத்துக்கொண்டிருந்த சட்டையை விட்டுவிட்டு, நாற்காலிமேல் ஏறி நின்று, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள்.

பட்டத்தை நீட்டிய பெரிய மனிதர் சிரித்துவிட்டார். "யுவர் ஃபேமிலி?" என்றார். "யெஸ் சார்" என்றேன். அந்த அதிகாரி நடு வழியில் நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, தன் இடத்துக்கே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு கூப்பிட்ட எந்தப் பெயரும் அமைதியாக மேடையேறவில்லை.